வெள்ளை இல்லை, தண்ணீர்

முதலில் சிறுநீர் கசிகிறது என்றுதான் நினைத்தேன். 46 வயது, இரண்டு பிரசவம் கண்ட உடம்பு, தும்மினால் இரண்டு சொட்டு போவதில் அதிசயம் ஒன்றுமில்லை, அக்காவுக்கும் உண்டு, இதைச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கூட இருக்கிறோம். ஆனால் இது தும்மலுக்கும் இருமலுக்கும் காத்திருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தது, தூக்கத்தில் வந்தது, காலையில் எழுந்து நின்றால் காலோடு இறங்கியது. முகர்ந்து பார்த்தேன் (ஆமாம், பார்த்தேன், எல்லோரும் பார்ப்போம், வெளியே சொல்ல மாட்டோம்). வாடை இல்லை. நிறமும் இல்லை. ஜலதோஷம் பிடித்த முதல் நாள் மூக்கிலிருந்து ஒழுகுமே, அந்த நீர் மாதிரி தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் லேசாக இழை விடும்.

மாதவிலக்குக்கு வாங்கி வைத்திருந்த பேடை மாதம் முழுக்க வைக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு மூன்று, அப்புறம் நான்கு, சில நாள் ஐந்து. கழற்றும்போது கையில் கனக்கும், ஆனால் பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். கறை இருந்திருந்தால் பயந்திருப்பேன். ரத்தம் ஒரு சொட்டு பட்டிருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். வெறும் ஈரத்துக்கு யார் பயப்படுவார்கள்?

இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். அங்கே நடந்த உரையாடல் அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் பிறகு அதை நூறு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

"ரொம்ப ஈரமாவே இருக்கு டாக்டர், தண்ணி மாதிரி போகுது."

"வெள்ளைப்படுதா?"

"ஆமா, அந்த மாதிரி."

அந்த "அந்த மாதிரி" எனக்கு எட்டு மாதம் செலவு வைத்தது.

டாக்டரைக் குறை சொல்லவில்லை, அல்லது கொஞ்சம் சொல்கிறேன், ஆனால் என்னையும் சேர்த்துத்தான். நம் மொழியில் கீழே இருந்து ரத்தம் தவிர வேறு எது வந்தாலும் அதற்கு ஒரே சொல்தான். தயிர் மாதிரி திரித்திரியாக வந்தாலும் வெள்ளைப்படுதல், மஞ்சளாக வாடையோடு வந்தாலும் வெள்ளைப்படுதல், மாதத்தின் நடுவில் இயல்பாக வரும் வழவழப்பும் வெள்ளைப்படுதல். நான் தண்ணீர் என்று சொன்னேன், அவர் வெள்ளை என்று கேட்டார், நானும் தலையாட்டினேன், ஃபைலில் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு யாரிடம் போனாலும் அவர்கள் முதலில் ஃபைலைத்தான் படித்தார்கள். வெள்ளைப்படுதலுக்கு என்ன வைத்தியமோ அது நடந்தது. பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை ஆறு நாள், கேட்கவில்லை என்றதும் பாக்டீரியாவுக்கு ஒரு வாரம், அதுவும் கேட்கவில்லை என்றதும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு கோர்ஸ். அவர் ஒன்றும் கேட்காமல் விழுங்கினார் பாவம். மெனோபாஸ் நெருங்குது, ஹார்மோன் ஏறி இறங்கும்போது இப்படித்தான் என்று இன்னொருவர் சொன்னார். அதையும் நம்பினேன். 46 வயதுப் பெண்ணிடம் எதைச் சொல்லி ஹார்மோன் என்றாலும் நம்பிவிடுவாள்.

நடுவில் பரிசோதனைகள் நடக்காமல் இல்லை. பாப் ஸ்மியர் எடுத்தார்கள், ஹெச்பிவி பரிசோதனையும் சேர்த்தே எடுத்தார்கள். இரண்டும் நெகட்டிவ். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஏனென்றால் நான் ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன்: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ், அதில் 16ஆம் வகையை ஹரால்டு சூர் ஹவுசன் 1983ல் புற்றுத் திசுவிலேயே கண்டுபிடித்தார், அதற்காக 2008ல் நோபல் பரிசு வாங்கினார். வைரஸ்தான் காரணம், எனக்கு வைரஸ் இல்லை, ஆகவே எனக்குப் புற்றுநோய் இல்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்.

அந்தக் கணக்கு பெரும்பாலானவர்களுக்குச் சரியும்கூட. கருப்பை வாய்ப் புற்றில் மிகப் பெரும்பகுதி அந்த வைரஸால் வருவதுதான். அதிலும் அதிகம், வெளிப்பக்கம் மூடியிருக்கும் தட்டைச் செல்களில் ஆரம்பிக்கும் வகை. அடுத்த பெரிய கூட்டம், உள்ளே கால்வாயில் சளி சுரக்கும் சுரப்பிகளில் ஆரம்பிக்கும் அடினோகார்சினோமா, அதிலும் பெரும்பகுதிக்கு வைரஸ்தான் காரணம். மிச்சம் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, வைரஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தானாக முளைப்பது. அதைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரிக்கு மேல் இல்லை. இருந்திருந்தாலும் "அரிதாக" என்ற சொல்லைப் பார்த்ததும் கண் அடுத்த வரிக்குத் தாவியிருக்கும்.

பாப் ஸ்மியரும் அப்படித்தான். அது என்ன செய்கிறது என்று அப்போது சரியாகப் புரியவில்லை. சின்ன பிரஷ்ஷால் மேலே உதிரும் செல்களை வழித்து எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணால் பார்ப்பார்கள். பாப்பனிகொலாவும் டிராட்டும் 1943ல் புத்தகமாகப் போட்ட முறை, எத்தனையோ பெண்களைக் காப்பாற்றிய முறை, அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அது அடையாளம் காண்பது கோணல்மாணலாக இருக்கும் செல்களை. என்னுடையது கால்வாயின் மேல்பக்கம் ஆழத்தில் இருந்தது. பிரஷ்ஷில் ஒன்றிரண்டு செல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்கூட அவை பார்க்க நல்ல பிள்ளைகள் மாதிரி இருந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்கேனும் எடுத்தார்கள். கருப்பை வாய் கொஞ்சம் பருமனாக இருக்கிறது, நபோத்தியன் நீர்க்கட்டிகள் சில இருக்கின்றன, கவலைப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட். அதுவும் பொய்யில்லை. சளிச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே சளி தேங்கி இப்படி மணி மணியாக நிற்கும், பிள்ளை பெற்ற பலருக்கும் இருக்கும், ஒன்றும் செய்யாது. (இந்தக் கட்டிகளுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜெர்மன்காரர் மார்ட்டின் நபோத், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் பார்த்துக் கருமுட்டைகள் என்று நினைத்தாராம். இந்த இடத்தில் ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று எழுதிவைப்பது எனக்கு முன்னாலேயே ஆரம்பித்த வழக்கம்.)

ஆக, தொற்றுக்கு மருந்து சாப்பிட்டாயிற்று, பாப் நெகட்டிவ், ஹெச்பிவி நெகட்டிவ், ஸ்கேனில் சாதாரண கட்டி. ஃபைல் நன்றாகத் தடித்துவிட்டது. அதற்குள் இருந்த ஒவ்வொரு தாளும் என்னை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தது. ஈரம் மட்டும் நிற்கவில்லை.

அக்காதான் தன்னுடைய பழைய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதானவர், குரல் கொஞ்சம் கறார். ஃபைலை வாங்கி மூடி மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். நடுவில் நிறுத்தினார்.

"அது வெள்ளையா இருக்கா?"

"இல்ல டாக்டர், நிறமே இல்ல. தண்ணி மாதிரிதான்."

"அப்ப ஏன் எல்லாத்துலயும் வெள்ளைப்படுதல்னு எழுதியிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான்தான் சொன்னேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். புது பேட் ஒன்றை எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் ஒரு முழு நாள் மாற்றும் ஒவ்வொன்றையும் எடை போட வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருட்டு வேலை செய்கிற மாதிரி செய்தேன். புதுசு 9 கிராம். மாற்றியது 41, 38, 52, அப்புறம் ஒன்று 47, இரவு வைத்தது 60ஐத் தாண்டியது. கழித்துக் கூட்டினால் ஒரு நாளைக்கு 190 கிராம் சொச்சம். ஒரு டம்ளர். தினமும் ஒரு டம்ளர் நீர் என்னிலிருந்து போய்க்கொண்டிருந்தது, நான் அதை "கொஞ்சம் ஈரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தராசு திரும்பச் சமையலறைக்குப் போகவில்லை.

தாளைப் பார்த்ததும் அவர் எம்ஆர்ஐ எழுதினார். அதோடு கால்போஸ்கோப்பி. கால்போஸ்கோப்பி என்றால் கருப்பை வாயை உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பது. அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே சமாச்சாரம், அதை நீர்க்கக் கரைத்துத் தடவுவார்கள். செல்கள் கெட்டிருந்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துக் காட்டும். அங்கேயும் வெள்ளையைத்தான் தேடினார்கள்! எனக்கு ஒரு இடமும் வெளுக்கவில்லை. இளஞ்சிவப்பாக, வழவழவென்று, பருமனாக இருந்தது, அவ்வளவுதான். நடுத்துளையிலிருந்து நீர் மட்டும் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அதைத் திரையில் நானும் பார்த்தேன். முதல் முறையாக என் பேச்சுக்கு ஒரு சாட்சி.

துளை ஓரத்திலிருந்து இரண்டு சின்னத் துண்டு கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள், கால்வாய்க்குள் சுரண்டியும் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ரிப்போர்ட்: இயல்பான சுரப்பித் திசு, புற்று அறிகுறி இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்காரர் அன்று இரவு நன்றாகத் தூங்கினார், எனக்குத் தெரியும், நான் விழித்திருந்தேன். மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு சந்தோஷப்படவே இல்லை. "இந்த நெகட்டிவ் அந்தத் துண்டுக்கும்மா. உங்களுக்கு இல்ல." எம்ஆர்ஐயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கால்வாயின் மேல்பக்கத்தில் நீர்க்கட்டிகள் கொத்தாக, ஓரத்தில் பெரியவை, நடுவில் பொடிப்பொடியாக, இடையிடையே கட்டியாக இறுகிய திசு. மொத்தம் 3.2 சென்டிமீட்டர். நபோத்தியன் கட்டிகள் சாதாரணமாக மேலோட்டமாகச் சிதறி இருக்கும், இப்படி ஆழத்தில் கூட்டமாக, நடுவில் இறுகிப்போய் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் கோன் பயாப்ஸி. மயக்கம் கொடுத்து, கருப்பை வாயின் நடுவிலிருந்து கூம்பு வடிவில் ஆழமாக ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தூங்கினேன், எழுந்தேன், இரண்டு வாரம் கனமாக எதையும் தூக்கவில்லை. காத்திருந்ததுதான் கஷ்டம். ஒரு வாரத்தில் வரும் என்றார்கள், வரவில்லை. போன் செய்தால் "இன்னும் சில சாயம் போட வேண்டியிருக்கு மேடம்". இன்னொரு வாரம். "வேற ஒருத்தர்கிட்டயும் காட்டிக் கேட்கப் போறோம், நீங்களே ஸ்லைடு, பிளாக் எல்லாம் வாங்கிட்டுப் போறீங்களா?"

பிளாக் என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். நம் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னச் சதுரம், தீப்பெட்டியைவிடச் சின்னது, முதுகில் பென்சிலால் எண். வெள்ளை மெழுகுக்கு நடுவில் பழுப்பாக ஒரு திட்டு, அதுதான் நான். ஆறு பிளாக், பதினெட்டுக் கண்ணாடி ஸ்லைடு, பஞ்சு சுற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். அதைக் கைப்பையில் வைத்து மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் அக்கா பையை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. உடம்புக்கு வெளியே இருந்தாலும் என் உடம்பு இல்லையா.

இரண்டாவது பேத்தாலஜிஸ்ட் (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவர்) இளைஞர். பெண்ணோயியல் திசுக்களை மட்டும் பார்ப்பவர். நான்கு நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனபோது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்று உள்ளே கூப்பிட்டார். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப், எதிர்ப்பக்கம் நான். ஊதாவும் ரோஜா நிறமுமாக ஒரு நிலப்படம் மாதிரி இருந்தது. முதலில் யாருடையதோ இயல்பான ஸ்லைடு: வட்ட வட்டமான சுரப்பிகள், ஓரமாக வரிசை கட்டி நிற்கும் செல்கள். பிறகு என்னுடையது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. சொன்னேன். "அதுதான் விஷயம்" என்றார்.

"ஒவ்வொரு செல்லையும் தனியா நிறுத்திக் கேட்டா 'நான் நல்லவன்'னு சொல்லும். உட்கரு சின்னதா, அடக்கமா, அடியிலயே இருக்கு. இருக்கிற இடம்தான் தப்பு."

சாதாரணச் சுரப்பிகள் மேல்மட்டத்தில் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். என்னுடையவை கூம்பின் அடி விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தன. சிலது வட்டமாக இல்லாமல் நகம் மாதிரி வளைந்து கோணியிருந்தன. ஒரு சுரப்பி தடித்த சுவருள்ள ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, அங்கே அதற்கு வேலையே இல்லை. இன்னொன்றைச் சுற்றித் திசு வெளிறிப்போய், வீங்கி, காயம் பட்ட இடம் மாதிரி இருந்தது. மேலே கிள்ளி எடுத்த துண்டில் இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆழம் தெரியாத துண்டில் ஆழத்தில் இருப்பது குற்றமென்று எப்படிச் சொல்வது? முதல் பயாப்ஸியைப் படித்தவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நாற்காலியில் போய்விட்டது.

எனக்கு வந்த இந்தப் புற்றுக்கு ஒரு காலத்தில் வைத்த பெயர் அடினோமா மாலிக்னம். அடினோமா என்றால் சாது, மாலிக்னம் என்றால் கொடியது, இரண்டையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். குஸ்ஸரோ என்பவர் 1870லேயே எழுதியிருக்கிறார். 1975ல் சில்வர்பெர்க்கும் ஹர்ட்டும் "மினிமல் டீவியேஷன்" என்று பெயர் மாற்றினார்கள், இயல்பிலிருந்து மிகக் கொஞ்சமே விலகியது என்று பொருள். கருப்பை வாயின் அடினோகார்சினோமாக்களிலேயே நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்றுதான் இது. இப்போது இதை இன்னும் பெரிய ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள், காஸ்ட்ரிக் டைப் என்று. 2014 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் அந்தப் பெயர் வந்தது, 2020ல் கருப்பை வாய்ப் புற்றுகளையே ஹெச்பிவி சார்ந்தவை, சாராதவை என்று இரண்டாகப் பிரித்தபோது இது சாராத பக்கம் போய் உட்கார்ந்தது.

காஸ்ட்ரிக் என்றால் இரைப்பை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, இரைப்பையிலிருந்து பரவியதா என்று கேட்டுவிட்டேன். இல்லையாம். கருப்பை வாயின் சுரப்பிகள் சில சமயம் குணம் மாறி, இரைப்பையின் கடைசிப் பகுதியில் சுரக்கும் சளி மாதிரியே சுரக்க ஆரம்பிக்குமாம். அதற்கென்று ஒரு சாயம் போட்டிருந்தார், கருப்பை வாயின் வழக்கமான சளி ஊதாவாகத் தெரியும், இரைப்பை வகைச் சளி சிவப்பாகத் தெரியும். என் ஸ்லைடு முழுக்கச் சிவப்பு. ஹெச்பிவியால் வந்த புற்றாக இருந்தால் பி16 என்ற சாயத்தில் அடர்ந்த பழுப்பு ஏறும், எனக்கு ஏறவில்லை. எம்யூசி6 என்ற இரைப்பைச் சளிக்கான சாயத்தில் நன்றாக ஏறியிருந்தது. இத்தனை மாதம் நான் துடைத்துக்கொண்டிருந்த தண்ணீர் அந்தச் சுரப்பிகள் இரவு பகலாகச் சுரந்தது.

கர்ப்பிணியை "வாயும் வயிறுமாக இருக்கிறாள்" என்போமே, அது ஞாபகம் வந்தது. கருப்பை வாயில் வயிறு. சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது என் கதையை வைத்துக்கொண்டு பாப்பும் வேண்டாம் ஹெச்பிவியும் வேண்டாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் மகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, 30 வயதானால் பரிசோதனைக்கு நானே இழுத்துக்கொண்டு போவேன். பெண் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்துக்குச் சிகிச்சை, 2030க்குள் இவ்வளவும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் இலக்கு வைத்தது வீணாக இல்லை. அந்த ஊசியும் அந்தப் பரிசோதனையும் பெரும்பாலான புற்றைப் பிடித்துவிடும். எனக்கு வந்ததை அவை பிடிக்காது, அவ்வளவுதான். என் சண்டை பரிசோதனையோடு இல்லை, நெகட்டிவ் என்று வந்த தாளைக் காட்டி, நின்றபாடில்லாத ஈரத்தை இல்லை என்று சொன்னதோடுதான். அறிகுறி இல்லாதவருக்குச் செய்யும் பரிசோதனை வேறு, அறிகுறியோடு வந்து நிற்பவரின் அறிகுறிக்குக் காரணம் தேடுவது வேறு. இந்த இரண்டையும் நானும் குழப்பிக்கொண்டேன், என்னைப் பார்த்தவர்களும் குழப்பிக்கொண்டார்கள்.

பெயர் தெரிந்தபிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நடுவில் ஒரு மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் முதலில் என் உதட்டைப் பார்த்தார். கீழ் உதட்டை மடித்து, கன்னத்தின் உள்பக்கம், விரல் நுனிகள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். கருநீலப் புள்ளிகள் இருக்கிறதா என்று. பீட்ஸ் ஜெகர்ஸ் என்று ஒரு பரம்பரை நோய், பீட்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1921லும் ஜெகர்ஸ் என்ற அமெரிக்கர் 1949லும் விவரித்தது, உதட்டில் புள்ளிகளும் குடலில் பாலிப்புகளும் (சின்னச் சதை வளர்ச்சிகள்) வரும், அது இருப்பவர்களுக்கு எனக்கு வந்த இந்த வகை வரும் வாய்ப்பு கூடுதல். எஸ்டிகே11 என்ற மரபணுவில் வரும் மாற்றம் காரணம். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் குடல் அடைப்பு ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகள், 19 வயது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து தன் உதட்டை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த எட்டு மாதத்தில் பார்த்த எதுவும் என்னை அப்படி உலுக்கவில்லை. ரத்தப் பரிசோதனை மூன்று வாரம் கழித்து வந்தது, அந்த மரபணுவில் மாற்றம் இல்லை. அந்த நெகட்டிவுக்கு மட்டும் முழு மனதாகச் சந்தோஷப்பட்டேன்.

அறுவை சிகிச்சையில் கருப்பை, சுற்றியுள்ள திசு, நிணநீர் முடிச்சுகள், இரண்டு சினைப்பைகள் எல்லாம் எடுத்தார்கள். வழக்கமான வகையில் இந்த வயதில் சினைப்பையை விட்டுவைப்பது உண்டு, இது சினைப்பைக்கும் வயிற்று உறைக்கும் போகும் பழக்கம் உள்ளது என்பதால் விடவில்லை. 1பி2 கட்டம் என்றார்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நான்குக்குக் கீழ், கருப்பை வாயைத் தாண்டவில்லை. இந்த வகையில் பலருக்குத் தாண்டிய பிறகுதான் தெரியவருகிறது. பிறகு கதிரியக்கம், கூடவே வாரம் ஒரு கீமோ. வழக்கமான வகை மசிகிற அளவுக்கு இது அவற்றுக்கு மசியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார்கள். சிகிச்சையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு வேண்டாம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப். போன வாரம் போயிருந்தேன். டாக்டரைப் பார்க்கும் முன் நர்ஸ் ஒரு படிவம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார், சின்னப் பெண், புதுசு.

"எடை குறைஞ்சிருக்கா ஆன்ட்டி?"

"இல்ல."

"ரத்தப்போக்கு?"

"இல்ல."

"வெள்ளைப்படுதல்?"

"வெள்ளையும் இல்ல, தண்ணியும் இல்ல."

அவள் "இல்லை" என்பதில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் கையை நீட்டிப் படிவத்தைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் இல்லை என்பதையும் தனியாக எழுதிக்கோம்மா என்றேன். அதற்கு இடம் இல்லையே ஆன்ட்டி என்றாள். ஓரத்தில் எழுது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினாள், சின்ன எழுத்தில், பக்கவாட்டில், "தண்ணீர் போல் கசிவு: இல்லை". எழுத்துப்பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.